கதவோரச் சீட்டு

"சைடு, சைடு! ஸ்வல்ப வழி விடுங்கப்பா!"

பெங்களூரு ஆர்.வி. ரோடு மெட்ரோ ஸ்டேஷனில் பச்சை லைனிலிருந்து மஞ்சள் லைனுக்கு மாறும் கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு ஓடினார் அந்தப் பெரியவர்.

இடித்ததில் கேரலின் டிபன் பை கீழே விழுந்தது.

"தினமும் இதே கூத்து. இந்த வயசுல ஒரு சீட்டுக்கு இப்படியா அலையறது?"

கேரல், மர்பி டவுனிலிருந்து ஹெப்பகோடி பள்ளிக்கூடத்துக்குப் போகிற டீச்சர்.

"விடு கேரல்," என்றாள் கூட வேலை பார்க்கும் பிரிஜெட்.

"விடறதா? நாளைக்கு லேடீஸ் பகுதி வேணாம். அவர் ஏறுற கதவுலயே ஏறி, அவர் சீட்டை நான் பிடிக்கிறேன் பாரு!"

மறுநாள் ஷூ மாட்டிக்கொண்டு வந்தாள். படியிலேயே பெரியவரை முந்தினாள். கதவு திறந்ததும் அவர் கை நீட்டிய கதவோரச் சீட்டில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

பெரியவர் திகைத்து நின்றார். அதற்குள் மற்ற சீட்டுகளும் நிரம்பிவிட்டன.

"அம்மா, அந்த சீட்டு... கொஞ்சம்..."

"ஏன் சார், உங்க பேர் எழுதியிருக்கா?"

"இல்லம்மா, வந்து..."

"ஒரு நாள் நின்னுட்டு வாங்க. உடம்புக்கு நல்லது."

பிரிஜெட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த ஸ்டேஷன் ராகிகுட்டா. காலில் மாவுக்கட்டு, கக்கத்தில் ஊன்றுகோல், ஒரு இளைஞன் தட்டுத்தடுமாறி ஏறினான். உட்கார்ந்திருந்தவர்கள் சட்டென்று போனுக்குள் குனிந்தார்கள்.

"என்ன நாராயணசாமி அங்கிள், இன்னிக்கு எனக்கு சீட் இல்லையா?"

"தோத்துட்டேன் சுனில். இந்தம்மா என்னா ஓட்டம் ஓடறாங்க தெரியுமா!"

கேரல் துள்ளி எழுந்தாள். "உக்காருப்பா... உக்காரு."

சுனில் மெல்ல உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டான்.

"ஸாரி சார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"எங்கம்மா சொல்ல விட்டீங்க?" பெரியவர் சிரித்தார்.

"உங்க பையனா சார்?"

"பையனா! நல்லா கேட்டீங்க போங்க. ராங் சைடுல பைக்கை ஓட்டிட்டு வந்து என் ஸ்கூட்டரை நொறுக்கினவன்மா இவன். அதனாலதானே நானே மெட்ரோவுல வர்றேன்!"