அன்னக்கொடிக்குச் சீட்டு இல்லை

"ஒங்களுக்குச் சீட்டு கெடையாது. அப்படி ஓரமா போயி உக்காருங்க."

படகுத் துறையில் சீட்டுக் கொடுக்கும் பெத்துராஜ் சொன்னது, வரிசையில் பின்னால் நின்ற சாந்தகுமாரிக்கு நன்றாகவே கேட்டது.

அவனிடம் பேசிக்கொண்டிருந்தவள் ஏலத்தோட்டத்து வேலைக்காரி. நாற்பது வயதிருக்கும். தலையில் மடித்துப் போட்ட சாக்கு, முழங்கால் வரைக்கும் செம்மண். மெல்லிய குரலில் என்னவோ சொல்லி நாலணாவை நீட்டியிருந்தாள். பெத்துராஜ் அந்தக் காசைத் தொடக்கூட இல்லை.

அவள் காசை முந்தானையில் முடிந்துகொண்டு போய்க் கரைக் கல்லில் உட்கார்ந்தாள்.

"பாத்தீங்களா அநியாயத்த?" சாந்தகுமாரி கணவன் யோசேப்பின் கையைப் பிடித்தாள். "காசு குடுக்குறா, சீட்டு இல்லேங்கிறான். நம்மளக் கண்டதும் எப்படிச் சிரிக்கிறான் பாருங்க."

"நமக்கெதுக்கு சாந்தா? ஏரியப் பாக்க வந்தோம், பாத்துட்டுப் போவோம்."

யோசேப்புக்குப் போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கடை. லோடு ஏற்ற மலைக்குப் போகும் ஜீப்பில் தன்னையும் கூட்டிப் போகச் சொல்லி இரண்டு வருசமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள் சாந்தகுமாரி. இன்றைக்குத்தான் வாய்த்தது.

காலையில் கடைசி மலை வளைவில் ஜீப்பு திரும்பியதும் "சேசுவே!" என்று வாயில் கை வைத்தவள்தான். கண்மாயும் கிணறும் பார்த்து வளர்ந்தவள். அவ்வளவையும் தண்ணீர் என்று நம்பவே அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எதிர் மலை முழுசாக அதற்குள் தலைகீழாக நின்றது. மேகம் ஒன்று அடியில் ஊர்ந்து போனது.

"அணை கட்டி நாலே வருசந்தான்க்கா," என்றார் ஜீப்பு டிரைவர். "அதுக்கு முந்தி இங்க யானையும் காட்டுப்பன்னியுந்தேன்."

இப்போது கரையில் காப்பிக் கிளப்பு இருந்தது. துரைமார் தங்குகிற மாதிரி பங்களா இருந்தது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் போட்டோ பிடிக்கிறவர்கூட வந்துவிட்டார்.

பெரிய படகில் பன்னிரண்டு பேரோடு சாந்தகுமாரியும் யோசேப்பும் ஏறினார்கள். காற்று விர்ரென்று அடித்தது. படகு கரையை ஒட்டியே ஒரு சுற்றுச் சுற்றியது. அவள் தண்ணீருக்குள் விரலை விட்டாள். விறைத்துப்போனது. சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

கரையில் அந்தப் பெண் அதே கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

படகு இரண்டாவது நடை போனது. மூன்றாவது நடையும் போனது. ஏட்டு வீட்டுக் குடும்பம் போனது, மதுரைக்காரர்கள் போனார்கள், ஒரு நாய்கூடப் போனது. அவளை யாரும் கூப்பிடவில்லை. அவளும் யாரையும் பார்க்கவில்லை. ஏரியின் நடுவையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாந்தகுமாரி காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு அவளையே பார்த்தாள்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கூட்டம் கலைந்தது. ஜீப்பு கிளம்பத் தயாராகிவிட்டது. அதற்குமேல் அவளுக்குப் பொறுக்கவில்லை. யோசேப்பு தடுக்கத் தடுக்க, விறுவிறுவென்று துறைக்குப் போனாள்.

"நீயெல்லாம் மனுசனா? காலையிலருந்து ஒரு பொம்பளைய இப்படியா உக்கார வைப்ப? வெள்ளக்காரன் போயிப் பத்து வருசமாச்சு. இன்னமும் கந்தல் கட்டுனவளுக்குப் படகுல எடமில்லையா? ஒன் பேரென்ன சொல்லு, மேலிடத்துக்கு எழுதிப் போடுறேன்."

"பெத்துராஜ்ம்மா," என்றான்.

விரலை நனைத்து உயர்த்திப் பிடித்துப் பார்த்தான். பிறகு, ஓரமாகக் கட்டிக் கிடந்த சின்னப் படகின் கயிற்றை அவிழ்த்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து, மடித்து, உட்காரும் பலகையில் விரித்தான்.

"அன்னக்கொடி ஆத்தா, வாங்க. காத்து அடங்கிருச்சு."

அவள் எழுந்து வந்தாள். படகில் கால் வைக்கும் முன் குனிந்து, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சாந்தகுமாரிக்கு ஒன்றும் புரியவில்லை. "இப்பக் கூட்டிப் போறவன் இம்புட்டு நேரம் ஏன் உக்கார வச்ச?"

"பெரிய படகு கரையோரமாத்தாம்மா சுத்தும். இவுக போகவேண்டியது நடுத் தண்ணிக்கு. காத்தடிக்கையில சின்னப் படக அங்க விட்டா கவுந்துரும்."

"நடுவுல என்ன இருக்கு?"

அன்னக்கொடிதான் கையை நீட்டிக் காட்டினாள்.

"அந்தா, ரெண்டு மல சேருதுல்ல தாயி, அதுக்கு நேர் கீழ மாரியம்மன் கோயிலு. கோயிலத் தாண்டிப் பதினாலு வீடு. எங்களுது மூணாவது. அணைத் தண்ணி வருதுன்னு ஊரையே கெளப்பி விட்டாக. அப்பப் போனவதேன், இன்னைக்குத்தேன் வர்றேன்."

யாரோ முகவரி கேட்டதற்கு வழி சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

சாந்தகுமாரி ஏரியைப் பார்த்தாள். காற்று நின்றிருந்தது. அசையாமல் கிடந்த அந்தத் தண்ணீருக்கு அடியில் ஒரு கோயிலும் பதினாலு வீடுகளும், வீட்டுக்கு வீடு போன பாதையும் அப்படியே நிற்பதாக அவளுக்குத் தோன்றியது. தன்னை அறியாமல் காலில் கிடந்த செருப்பைக் கழற்றினாள்.

கைப்பையைத் திறந்தாள்.

"அவங்க சீட்டுக்கு நான் குடுக்குறேம்ப்பா."

பெத்துராஜ் துடுப்பை எடுத்துக்கொண்டே வேண்டாமென்று தலையை ஆட்டினான்.

"ஏரி பாக்க வர்றவுகளுக்குத்தாம்மா சீட்டு. இவுக வீட்டுக்குல்ல போறாக?"