கோல் வேண்டாம்

"ரெண்டு முனையும் வளைஞ்ச ஸ்கீ வேணும் தம்பி. பின்பக்கமாவும் சறுக்கணும்" என்றாள் ஐலா.

லாப்லாந்து மலையடிவாரத்தில் பனிச்சறுக்குக் கட்டை விற்கும் வெய்க்கோ அவளை மேலும் கீழும் பார்த்தான். நாற்பதைத் தாண்டியவள்.

"அது பனிமேட்டுப் பார்க்ல குட்டிக்கரணம் போடற பசங்களுக்குக்கா. நீங்க எத்தனை வருஷமா சறுக்கறீங்க?"

"போன குளிர்காலத்துலதான் ஆரம்பிச்சேன்."

"அப்போ முதல்ல நேராப் போகக் கத்துக்குங்க."

"நேராப் போகத் தெரியும். நான் கேட்டதை எடுப்பா."

வெய்க்கோ அவள் மூக்கு உயரத்துக்கு ஒரு ஜோடி எடுத்தான். கூடவே ஊன்றிக்கொள்ள இரண்டு கோல்களை நீட்டினான்.

"கோல் வேண்டாம்."

"ஸ்டைலுக்கு அந்தப் பசங்கதான் கோல் இல்லாம திரிவாங்க. உங்களுக்கு எதுக்குக்கா இந்த வம்பு?"

"வேண்டாம்னா வேண்டாம்."

ஹெல்மெட் அலமாரியைப் பார்த்தபடி நின்ற அவள் மகளை வெய்க்கோ கூப்பிட்டான். "பாப்பா, நீயாவது உங்கம்மாவுக்குச் சொல்லேன்!"

பெண் திரும்பவேயில்லை.

"அம்மா மாதிரியே அழுத்தக்காரி" என்று முணுமுணுத்தான்.

ஐலா சிரித்தாள். மகளுக்கு முன்னால் போய் நின்று, ஸ்கீயைக் காட்டி, விரல்களால் மளமளவென்று ஏதோ சொன்னாள். மகளும் விரல்களாலேயே பதில் சொன்னாள்.

வெய்க்கோ கோல்களைக் கீழே வைத்தான். "பாப்பாவுக்குக் காது..."

"பிறந்ததுலேர்ந்தே கேக்காது. சறுக்கும்போது அவகூடப் பேசணும்னா, அவளுக்கு முன்னாடி, அவளைப் பார்த்துக்கிட்டே நான் பின்பக்கமாப் போகணும். கையில எதுவும் இருக்கக் கூடாது."

"இப்ப என்ன சொல்றா?"

"'நீ விழுந்துடுவே'ங்கறா."

"நீங்க?"

"'விழுந்தாலும் நான் பேச்சை நிறுத்த மாட்டேன்'னு சொல்லிட்டேன்."