சராசரிக்கு வராதவள்

மன்னார்குடி பைபாஸுக்காக எங்கள் கல்லறைத் தோட்டத்தை அளந்த சர்வேயர் நான்தான். சாலைக் கோட்டுக்குள் வரும் கல்லறைகளைத் தோண்டி வேறிடத்துக்கு மாற்றுவார்கள். அங்கே புதைக்கப்பட்ட பலருடைய பிள்ளைகள் துபாயிலும் கனடாவிலும் இருந்தார்கள். யாரும் ஆட்சேபிக்கவில்லை. என் மனைவி ஜூலியட்டின் கல்லறை கோட்டுக்குள் ஒரு முழம் இருந்தது.

ஜிபிஎஸ் அளவில் எப்போதும் கொஞ்சம் பிழை இருக்கும். ஒரே இடத்தைப் பல நாட்கள் அளந்தால் புள்ளிகள் நாலு பக்கமும் சிதறும். சராசரி எடுத்தால் சரியான இடம் கிடைத்துவிடும். மற்ற கல்லறைகள் அப்படித்தான் சிதறின. ஜூலியட்டின் புள்ளிகள் மட்டும் வாரா வாரம் சாலையை விட்டு விலகிக்கொண்டே போயின.

"சராசரி போட்டு அனுப்புங்க ஜெரால்ட்," என்றார் மேலாளர் ஃபாஜில். "மெஷின் பிழைதான்."

"பிழைன்னா ஒரு தடவையாவது திரும்பி வரணும் சார். இவ வரல."

"உயிரோட இருந்தப்ப உங்க பேச்சக் கேட்டாங்களா?"

"இல்ல சார்."

"அப்ப இதுவும் பிடிவாதம்ங்கிறீங்க."

"கடைசி அளவுல அவ கோட்டுக்கு வெளிய இருக்கா. அதத்தான் குடுப்பேன். வேணும்னா என்னை வேலைய விட்டு அனுப்புங்க."

அவர் நேரில் பார்க்க வந்தார். போன கல்லறைத் திருநாளுக்கு நான் வெள்ளையடித்தபோது கல்லறையை ஒட்டிச் சிந்திய சுண்ணாம்பு, சாலைப் பக்கத் தரையில் நீளக் கோடாகக் காய்ந்து கிடந்தது. அந்தக் கோட்டுக்கும் கல்லறைக்கும் நடுவே ஒன்றரை முழம் வெறும் மண். ஒரு புல்கூட இல்லை. மண் ஈரமாக இருந்தது.

ஃபாஜில் செருப்பைக் கழற்றினார். நான் சாலையின் எல்லைக் கல்லை அந்த மண்ணில் நட்டேன்.