லோ வோல்டேஜ்

“இன்னிக்கும் மிஷினு ஓடலியா?”

அடுப்படியிலிருந்தே கத்தினாள் கனகம்.

“வோல்டேஜ் இல்லடி” என்றார் பாண்டுரங்கன். கையில் இழைப்புளி. கொல்லை ஷெட்டில் பலகைமேல் அதைத் தள்ளித் தள்ளித் தோள்பட்டை வீங்கிப் போயிருந்தது. பக்கத்திலேயே இழைப்பு மிஷின் கோணியைப் போர்த்திக்கொண்டு சும்மா நின்றது.

அதைப் பார்த்தால் கனகத்துக்குப் பற்றிக்கொண்டு வராதா?

அந்த மிஷின் வந்த கதை பென்னலூருக்கே தெரியும். குன்றத்தூரில் ஒரு மரப்பட்டறையை மூடிவிட்டு சாமான்களை விற்றார்கள். பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நின்ற மிஷினைச் சுற்றி ஒரே கூட்டம். இவர் மட்டும் மூலையில் துருப்பிடித்துக் கிடந்ததைத் தட்டிப் பார்த்தார். “இது வார்ப்பு இரும்பு, அசையாம நிக்கும். அது வெறும் தகரம், ஓடுறப்ப உதறும்” என்று இதையே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

அப்புறம் மண்ணெண்ணெய் என்ன, உப்புத்தாள் என்ன, புது பேரிங் என்ன, பெல்ட் என்ன! பிளேடைச் சாணை பிடித்துப் பிடித்து, முகம் பார்க்கிற அளவுக்குக் கொண்டுவந்தார். கட்டின பெண்டாட்டியைக்கூட மனுஷன் அப்படிக் கவனித்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஓட்டிக் காட்டினார். தெருவே காதைப் பொத்திக்கொண்டது. மறுபக்கம் வெளியே வந்த பலகையைக் கனகம் தடவிப் பார்த்தாள்.

“ஐய, மொசைக் தரையாட்டம் கீது!”

அந்தக் குஷியில்தான் தம்பி சுப்பராயனிடம் வாயை விட்டாள். சேரப்பணஞ்சேரியில் அவன் கட்டுகிற வீட்டுக்கு வைகாசியில் கிரகப்பிரவேசம்.

“தலைவாசக் கதவ எங்க வூட்டுக்காரரு செஞ்சி குடுப்பாரு. நீ கடையில சொல்லாதடா.”

சொன்னதோடு சரி. மிஷின் ஓடவே இல்லை. பாண்டுரங்கனுக்குக் கம்பெனியில் செகண்ட் ஷிப்ட், இப்போது ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி. காலையில்தான் கதவு வேலை பார்க்க முடியும். பார்த்தால், காலையில்தான் வோல்டேஜ் இல்லையாம்!

“ஒரகடம் பக்கம் புதுசு புதுசா கம்பெனி வருது. இருக்கிற கரண்ட்ட அவனுங்க இழுத்துக்கிறானுங்க. நான் இன்னா பண்ண?”

“கம்பெனிக்காரன் கெடக்கட்டும். பின்னாடி ரூம்ல ரெண்டு பொண்ணுங்க பகல் பூரா ஃபேன் போட்டுக்கினு தூங்குதுங்களே, அதச் சொல்லு! மொதல்ல அதுங்கள காலி பண்ணச் சொல்லணும்.”

“மெதுவா பேசுடி.”

ஷெட்டை ஒட்டி சிமெண்ட் ஷீட் போட்ட அந்த ரூமில் இசக்கிசெல்வியும் பேச்சியும் வாடகைக்கு இருந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள். இருவருக்கும் நைட் ஷிப்ட். மிஷின் நின்ற முதல் வாரமே, குடத்தோடு போன இசக்கிசெல்வி நின்று கேட்டிருந்தாள்.

“மிஷினு ஓடலையா அண்ணாச்சி?”

“லோ வோல்டேஜும்மா.”

பாவம், அவளும் உச்சுக் கொட்டிவிட்டுப் போனாள்.

கத்திரி வெயில் கொளுத்துகிற ஒரு காலை. சுப்பராயன் நேரில் வந்துவிட்டான். வந்தவன் பாதிக் கதவைப் பார்த்தான், முகம் சுருங்கிப் போனது.

“இன்னாக்கா இது? முகூர்த்தம் நெருங்கிடுச்சி. வாசக்கால் மொட்டையா நிக்குது. நான் ரெடிமேட் கதவுக்கே சொல்லிடறேன்.”

“டேய், டேய், இருடா. உன் வூட்டுக்காரி எதிர்ல என் மானமே போயிடும்டா. மிஷினு மட்டும் ஓடிச்சின்னா ரெண்டே நாள்ல முடிஞ்சிடும். இந்தப் பாழாப்போன வோல்டேஜ்...”

“இன்னா வோல்டேஜு? உங்க வூட்டுக்குள்ள ஃபேன் பிச்சிக்கினு பறக்குது. இங்க மட்டும் இல்லியா?”

சொன்னவன் விறுவிறுவென்று போய்க் கோணியை உருவினான். சுவிட்சில் கை வைத்தான்.

பாண்டுரங்கன் பாய்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேணாம் சுப்பராயா!”

“ஏன் மாமா?”

“வோல்டேஜ் எல்லாம் நல்லாத்தான் கீது.”

கனகம் வாயைப் பிளந்தாள். “அப்ப இத்தினி நாளா...?”

“பொய்தான் சொன்னேன்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “அந்தப் புள்ளைங்க ராத்திரி பூரா கம்பெனி லைன்ல நின்னுக்கினே வேலை செஞ்சிட்டு வந்து இப்பத்தான் கண்ண மூடுதுங்க. இத ஓட்டினா செவுரே அதிரும். விஷயம் தெரிஞ்சா ‘எங்களால உங்க வேலை கெடுது’ன்னு பொட்டியத் தூக்கிக்கினு கெளம்பிடும்ங்க. உங்கிட்ட சொன்னா, உன் வாயில நிக்குமா?”

கனகம் கோபமா அழுகையா என்று தெரியாமல் புருஷனின் வீங்கின தோள்பட்டையையே பார்த்தாள். சுப்பராயன் உருவின கோணியை எடுத்து மிஷின்மேல் சத்தமில்லாமல் போர்த்தினான்.

“கதவு மொள்ளவே ஆவட்டும் மாமா. அது வரைக்கும் எங்க பழைய வூட்டுக் கதவ கழட்டி மாட்டிக்கிறேன்” என்றான்.

சத்தம் கேட்டிருக்க வேண்டும். பின் ரூம் கதவு திறந்தது.

இசக்கிசெல்வி வெளியே வந்தாள். நைட்டி முதுகோடு ஒட்டிப்போய், தலையெல்லாம் வேர்வை. பின்னாலேயே பேச்சி, ஓர் அட்டைப்பெட்டி மூடியால் விசிறிக்கொண்டே வந்தாள்.

“இன்னிக்கும் மிஷினு ஓடலையா அண்ணாச்சி?” என்றாள் இசக்கிசெல்வி, தவிப்போடு. “லோ வோல்டேஜுன்னு நீங்க சொன்ன நாள்ல இருந்து, பகல்ல நாங்க ஃபேனே போடுறதில்லையே!”