அடுப்பு இருக்கும் பக்கம்

தீயணைப்பு நிலையத்தின் எல்லைக்கோடு எங்கள் பக்கத்து வீட்டுக் கனகவல்லி அக்காவின் வீட்டுக்கு நடுவே போனது. கோட்டுக்குள் இருக்கும் வீடுகள் மதிப்புக்கு ஏற்றபடி வருடா வருடம் வரி கட்ட வேண்டும். வண்டியும் ஆட்களின் சம்பளமும் அந்த வரியில்தான். அளக்க வந்தவர், "முழு வீட்டையும் கோட்டுக்குள்ள சேர்த்துக்கவா?" என்று கேட்டார்.

"அடுப்பு இருக்கிற பக்கம் போதும் சார். படுக்கிற ரூம்ல நெருப்புக்கு என்ன வேலை?" என்றார் அக்காவின் கணவர் சபாபதி.

ஒருநாள் கொசுவத்திச் சுருளிலிருந்து படுக்கையறை மெத்தையில் தீப்பற்றியது. வண்டி உடனே வந்தது. குழாயோடு ஓடி வந்தவர்கள் சமையலறையிலேயே நின்றுவிட்டார்கள்.

"அந்தப் பக்கம் எங்களுக்கு அனுமதி இல்லக்கா. நெருப்பு இங்க வந்தா அணைச்சிடலாம்."

"நெருப்புக்கு என்ன வேலைன்னு கேட்டீங்களே, போய்ப் பாருங்க," என்று கணவரிடம் சொல்லிவிட்டு, அக்கா ஈரச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு மெத்தையைச் சமையலறைக்கு இழுத்து வந்தாள். அணைத்தார்கள். எரியும் நாற்காலியை இழுத்து வந்தாள். அதையும் அணைத்தார்கள்.

அதற்குள் மேலே கூரை விட்டம் பற்றிக்கொண்டது. இரண்டு அறைக்கும் ஒரே மரம். நெருப்பு அதில் சமையலறையை நோக்கி மெதுவாக நகர்ந்தது. ஆட்கள் குழாயைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார்கள்.

அக்கா அண்ணாந்து பார்த்து, "வா, சீக்கிரம் வா," என்றாள்.