மாசா மாசம் வந்த ஆளு

என் பேரு தணிகைவேல், வயசு இருபத்தஞ்சு, அமெரிக்காவுல ஒஹையோ மாநிலம் டோலிடோவுல இருக்கேன். கோர்ட்டு, கொலைன்னு வருது, பயந்துடாதீங்க, மாட்டுனது நான் இல்ல. நான் வேல பாக்குற வக்கீல் ஆபீசுல நடந்தது.

திவால் கோர்ட்டுக்குப் போற லிஃப்ட்டுல வக்கீல் பெர்னடெட்டுக்கு ஒரே பயம். தன் கட்சிக்காரர் உள்ள போய் கொலைய ஒத்துக்குவாரோன்னு.

கட்சிக்காரர் பேரு ஆர்வில். அறுபத்தோரு வயசு. பொண்டாட்டி வைத்தியத்துல கடன் ஏறி, வீடு ஏலத்துக்குப் போற நெலம. திவால் மனு போட்டா அஞ்சு வருஷத்துல பாக்கியக் கட்டி வீட்டக் காப்பாத்திக்கலாம். ஆனா வீட்டுக் கடன் கம்பெனி குடுத்த பாக்கிக் கணக்குல ஆறாயிரம் டாலர் சேத்து எழுதியிருந்துச்சு. 'எங்க ஆளு மாசா மாசம் வந்து வீடு எப்படி இருக்குன்னு பாத்தாரு, அதுக்கு ஒரு கட்டணம்'னு போட்டிருந்தாங்க. 'புல்லு வளந்து கெடக்குன்னு எழுதிக் குடுத்தாரு, வெட்ட ஆள் அனுப்புனோம், அதுக்கு ஒரு கட்டணம்'னு இன்னொண்ணு. இப்படியே இருபத்தாறு மாசம்.

அந்த ஆறாயிரம் நின்னா ஆர்வில்லால தவணை கட்ட முடியாது. வீடு போயிடும். அதான் பெர்னடெட் ஆட்சேபனை போட்டா.

பயம் போன வாரம் ஆபீசுலயே ஆரம்பிச்சிடுச்சு.

"அந்த ஆளு வரவே இல்லன்னு எப்படி நிரூபிக்கிறது?"ன்னு அவ ஆர்வில்கிட்ட கேட்டா.

"மொதல்ல வந்துட்டுதான் இருந்தாப்ல. லெஸ்டர்னு பேரு. காருக்குள்ள உக்காந்தபடியே போட்டோ எடுத்துட்டுப் போவாப்ல. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு, வரல."

"வேற நேரத்துல வந்திருக்கலாமே? நீங்க பாக்காம?"

"வரமாட்டாப்ல வக்கீலம்மா. வரவே முடியாது."

சொல்லிட்டு நகத்துக்குள்ள இருந்த மண்ண நோண்ட ஆரம்பிச்சாரு. சர்ச்சுல நிலப் பராமரிப்பு வேலைன்னு மனுவுல இருந்துச்சு. புல்லு வெட்டுறவரு போலன்னு அவ அதுக்கு மேல கேக்கல.

"இப்ப அவரு எங்க இருக்காருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். ஆனா வெளிய சொல்லக் கூடாது. கோர்ட்டுல சத்தியம் வாங்கிக் கேட்டா சொல்றேன்."

அன்னைக்கு ராத்திரி பூரா பெர்னடெட் தூங்கல.

கோர்ட்டுல கம்பெனி வக்கீல் ஒரு கட்டுக் காகிதத்த எடுத்து வெச்சாரு. "அம்மா, இருபத்தாறு அறிக்கை. எல்லாத்துலயும் லெஸ்டர் கையெழுத்து. கடைசியா போன மாசம் போட்டது."

"அவரக் கூட்டிட்டு வரலயா?"ன்னு நீதிபதி கேட்டாங்க.

"ஆளு ரொம்ப பிசிம்மா. ஊரெல்லாம் சுத்துறவரு. இன்னொண்ணு, இந்த ஆர்வில் அவர ஒரு தடவ மிரட்டியிருக்காரு. 'என் புல்லக் குறை சொன்னே, உன்னக் குழி தோண்டிப் புதைச்சிடுவேன்'னு. லெஸ்டரே எழுதிக் குடுத்த புகார் இது."

ஆர்வில் எந்திரிச்சாரு. பெர்னடெட் அவர் சட்டையப் புடிச்சு இழுத்தா. "ஐயா, வாயத் தொறக்காதீங்க. பதில் சொல்லாம இருக்க உங்களுக்கு உரிமை இருக்கு."

"இருக்கட்டும்மா. ஒளிக்க என்ன இருக்கு?"ன்னு கூண்டுல ஏறி சத்தியம் பண்ணாரு.

"அப்படி மிரட்டுனீங்களா?"ன்னு நீதிபதி கேட்டாங்க.

"சொன்னேன்மா."

"சொல்லிட்டு?"

"ஒரு மாசம் கழிச்சுப் புதைச்சேன்."

காவலுக்கு நின்னவரு ரெண்டு எட்டு முன்னாடி வந்தாரு. பெர்னடெட் பேனாவ மூடி பைக்குள்ள போட்டா.

"எங்க புதைச்சீங்க?" நீதிபதி குரலே மாறிடுச்சு.

"சர்ச்சு கல்லறையில, ஏழாவது வரிசை, வேலியோரம். அவரு சம்சாரம், ரெண்டு மக, பாதிரியார் எல்லாரும் பக்கத்துலதான் நின்னாங்க. மாரடைப்பும்மா, பாவம். முப்பது வருஷமா அங்க குழி வெட்டுறது நான்தான். யாரப் புதைச்சோம்னு வெளிய வாய விடக் கூடாதுன்னு பாதிரியார் கண்டிஷன்." சட்டப் பையில இருந்து சர்ச்சுப் பதிவோட நகல எடுத்து நீட்டுனாரு. தேதி இருபத்தேழு மாசத்துக்கு முன்னாடி.

நீதிபதி நகலப் பாத்தாங்க. அந்த இருபத்தாறு கையெழுத்தப் பாத்தாங்க. அப்புறம் கம்பெனி வக்கீலப் பாத்தாங்க.

"விசாரிச்சு சொல்றேம்மா"ன்னாரு அவரு.

அந்த ஆறாயிரத்தையும் நீதிபதி கணக்குல இருந்து நீக்கிட்டாங்க. வீடு தப்பிச்சுது.

வெளிய வந்ததும் பெர்னடெட் கேட்டா, "அப்ப ஏன்யா அந்த மனுஷன அப்படி மிரட்டுனீங்க?"

"மிரட்டலா? எங்க தொழில் ஜோக்குமா அது. சிரிக்கத் தெரியாத மனுஷன்."

அடுத்த மாசம் ஆர்வில் வீட்டுக்குக் கம்பெனியில இருந்து ஒரு அறிக்கை வந்துச்சு: வீட்ட நேர்ல பாத்தேன், புல்லு வளந்து கெடக்கு, இப்படிக்கு லெஸ்டர்.

இதப் படிக்கிறது அம்மாவோ அக்காவோ யாரா இருந்தாலும் சரி, நம்ம வீட்டு லோனுக்கு பேங்க்ல இருந்து வந்த கடுதாசி எல்லாத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க.