தரைச் சிங்கம்

கூடத்தை இரண்டாக்கிச் சுவர் எழுப்ப வேண்டிய கொத்தனார் வந்துவிட்டார். அண்ணனும் தம்பியும் முகம்கொடுத்துப் பேசி மாதக்கணக்காகிறது.

அண்ணன் மனைவியைப் பார்த்ததும் நாத்தனாருக்கு ஆத்திரம் பொங்கியது. "அண்ணி, நீங்க ஒரு கமீலியன்! பெரியண்ணன்கிட்ட போனா அவருக்கு ஒத்து ஊதறீங்க, சின்னண்ணன்கிட்ட போனா அவருக்கு!"

"அப்படின்னா என்னம்மா?"

"பச்சோந்தி! கிரேக்க மொழியில தரைச் சிங்கம்னு அர்த்தமாம். பேருக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல."

அதற்குள் தம்பி ஓடிவந்து அண்ணன் கையைப் பிடித்தான். "என்னை நினைச்சு அழுதீங்களாமே அண்ணே?"

"நானா? நீ அழறேன்னுதானேடா உங்க அண்ணி சொன்னா!"

இருவரும் அண்ணியைப் பார்த்தார்கள். பிறகு நிஜமாகவே அழுதார்கள்.

"கொத்தனாரே, செங்கல்லைத் திருப்பிக் கொண்டுபோங்க" என்றாள் நாத்தனார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"செங்கல்லா? நேத்தே உங்க அண்ணி வேண்டாம்னுட்டாங்களே! இன்னிக்கு என்னை விருந்துக்குத்தான் வரச் சொன்னாங்க."